இருநூற்று அறுபத்தெட்டு கிராம்

திங்கட்கிழமை காலை எட்டு ஐந்துக்குக் கலைமதி முதல் எஃகுத் தலையைத் தராசில் வைத்தாள். 268.0 என்று காட்டியது. இரண்டாவது 268.1. மூன்றாவது மறுபடியும் 268.0.

பத்தாவது வரைக்கும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பதினைந்தில் அது போய்விட்டது. இருபத்து நான்கையும் வைத்து எடுத்து, வரிசையாக அடுக்கி, நாற்காலியில் உட்கார்ந்தாள். எதுவும் ஒரு கிராமில் பத்தில் இரண்டு பங்குக்கு மேல் விலகவில்லை.

வார்ப்பு வேலையில் இப்படி வராது. மெழுகில் உருவம் எடுத்து, அதன்மேல் குழம்பும் மணலும் மாற்றி மாற்றிப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் கூட்டுக்குள் எஃகை ஊற்றி, ஆறியதும் கூட்டை உடைத்து எடுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடையில்தான் பிறக்கும். உரசி மெருகேற்றிய பிறகும் ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே நிற்கும். அதனால்தான் வரைபடத்திலேயே இரண்டு கிராம் கூடலாம், இரண்டு கிராம் குறையலாம் என்று போட்டிருந்தது. ஒரு வகுப்பில் இருபத்து நான்கு பிள்ளைகளும் ஒரே மார்க் வாங்கினால் எந்த வாத்தியாரும் சந்தோஷப்படமாட்டார்.

இருநூறு கிராம் படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்தாள். சரியாக இருந்தது. தராசு கெட்டுப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூருக்கு முன்னால் இருந்தது அவள் தரம் பார்க்கும் வேலையில் இருந்த தொழிற்சாலை. பம்புக்குள் சுழலும் சக்கரங்களும் வால்வு உடல்களும் வார்த்துக்கொண்டிருந்த இடம். ஆறு மாதம் முன்பு சென்னையில் ஒரு கம்பெனி கோல்ஃப் மட்டைக்குத் தலை வார்த்துத் தர முடியுமா என்று கேட்டது. முதலாளி சக்கரபாணி முடியும் என்றார். அவர் முடியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த விளையாட்டை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. மெருகுப் பிரிவுக்குத் தலைவியான வேணி முதல் வார்ப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, குழம்பு ஊற்றினால் நிற்காது போலிருக்கிறதே என்றாள். அன்றிலிருந்து அதற்குக் கரண்டி என்று பெயர். வாசல் பதிவேட்டில்கூட 'கரண்டி, 24' என்றுதான் எழுதினார்கள்.

இரண்டு முறை மாதிரி அனுப்பி இரண்டு முறையும் திரும்பி வந்திருந்தது. முதல் தடவை எடை. இருநூற்று ஐம்பத்தொன்பதிலிருந்து இருநூற்று எழுபத்து நான்கு வரை மனம்போனபடி இருந்தது. இரண்டாவது தடவை, பந்தில் படும் முகத்திலிருந்த கோடுகள். பந்தைப் பிடித்துச் சுழற்றுவதற்காக முகத்தில் குறுக்கே வெட்டிய கோடுகள் அவை. வேணியின் பெண்கள் ஒவ்வொரு கோட்டின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து, உறுத்திய இடத்தையெல்லாம் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். கை கிழிக்கும் என்றார்கள். அதை யாரும் கையால் தொடப்போவதில்லை என்று புரியவைக்கக் கலைமதிக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறகு பேசிப் பயனில்லை என்று முகத்தின்மேல் டேப் ஒட்டிக் கொடுத்தாள்.

எடைக்கு அவள் கண்டுபிடித்த வழி பலகை. மெருகுக் கொட்டகையின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, மேலே 268 என்று பெரிதாக எழுதினாள். இருநூற்று அறுபத்தாறுக்குக் கீழே கொண்டுபோனவர்களின் பெயர் சிவப்பு மையில் ஏறும். அடுத்த இரண்டு தலையைச் சரியாகக் கொடுக்கும்வரை அழியாது.

சக்கரபாணி இரண்டாவது மாதிரி திரும்பிய அன்றே மெருகு வேலையை அம்பத்தூரில் ஒரு பட்டறைக்கு அனுப்பிவிடலாம் என்றார். அங்கே மெஷின் வைத்திருக்கிறான், வாய் பேசமாட்டான் என்றார். வேணியையும் சேர்த்துப் பத்துப் பெண்கள். கிளியனூரிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் வருகிறவர்கள். இந்த வேலை போனால் களையெடுக்கவும் மல்லாட்டை பறிக்கவும் போகவேண்டியவர்கள். அதுவும் வருஷத்தில் சில மாதம்தான். கலைமதி நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தாள். மூன்றாவது மாதிரி தேறாவிட்டால் தானே வந்து அம்பத்தூருக்கு லோடு ஏற்றித் தருவதாகவும் சொல்லியிருந்தாள். வாயைக் கொடுத்தது அவள்தான்.

சென்னைக் கம்பெனியின் ஆள் சித்தார்த்தன் இன்று மூன்று மணிக்கு வருகிறான்.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து பித்தளைக் குச்சியை எடுத்தாள். பென்சில் பருமன், முனை தட்டை. ஒரு மரக்கட்டையில் நட்டு வைத்தது. இதைச் சித்தார்த்தன்தான் போனில் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தான். மொத்த எடை மட்டும் போதாது, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ஆட்டம் என்றான். தலையை முகம் கீழாகக் குச்சியின்மேல் வைத்தால் ஒரு இடத்தில் மட்டும் சாயாமல் நிற்கும். பந்து அந்த இடத்தில் பட்டால் நேரே போகும். தள்ளிப் பட்டால் தலை கையிலேயே திருகிக்கொள்ளும். சம்மட்டியின் ஓரத்தில் அடி விழுந்தால் கை அதிர்கிற மாதிரி என்று அவள் தனக்குத்தானே விளங்கிக்கொண்டாள். கொட்டகையில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. கோடுகளுக்கே ஒரு வாரம் ஆயிற்று.

முதல் தலை நின்றது. பேனாவால் புள்ளி வைத்து அளந்தாள். இருக்கவேண்டிய இடத்திலிருந்து கழுத்துப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. அரை மில்லிமீட்டர்தான் மன்னிப்பு. இரண்டாவது தலையும் அப்படியே. ஆறு பார்த்தாள். ஆறும் கழுத்துப்பக்கம்.

தடியைச் செருகுவதற்காகக் கழுத்தில் ஒரு துளை உண்டு. துளையின் அடியில் இன்னும் சிறிதாக ஒரு குழி. அது வாங்குகிறவர்களுக்கு உரிய இடம். தடி மாட்டும்போது ஆடுகிற ஆளுக்கேற்ப எடை கூட்ட அவர்கள் விட்டுவைத்தது. கலைமதி செல்போன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தாள். குழியைக் காணோம். அந்த இடத்தில் உலோகம் நீலமும் மஞ்சளுமாகச் சூடுபட்ட நிறத்தில் மின்னியது.

ஆர்கான் வெல்டிங். யார் வைத்தது என்று கேட்கவேண்டியதில்லை. அங்கே ஆர்கான் பிடிக்கத் தெரிந்தவர் தாண்டவராயன் ஒருவர்தான்.

மெருகுக் கொட்டகையில் பஃப் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேணி மூக்கை மறைத்துக் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, எல்லாம் இருநூற்று அறுபத்தெட்டுதானே என்று அவளே முந்திக்கொண்டு கேட்டாள். கண்ணில் அப்படி ஒரு பெருமை. கலைமதிக்குக் கோபம் வருவதற்கு முன்னால் களைப்பு வந்தது. கழுத்தில் வெல்டிங் ஏன் வந்தது என்று கேட்டாள்.

வேணி மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். இந்தத் தடவை வார்ப்பில் முதுகுப்பக்கம், நுனிக்கருகே, ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள் இருந்தன. தேய்த்தால் ஒன்று போய் அடியில் இன்னொன்று வந்தது. அதையும் தேய்த்தார்கள். புள்ளி போனது. எடையும் போனது. மெருகுக்கென்று ஐந்து கிராம் கூட வைத்துத்தான் வார்ப்பார்கள்; இவர்கள் ஒன்பது கிராம் எடுத்திருந்தார்கள்.

"புள்ளிய வுட்டுட்டு எடையப் பாக்கக் கூடாதாக்கா?"

"புள்ளிய எப்படி மேடம் வுடறது? பதினஞ்சு வருஷம் பாத்திரப் பட்டறையில இருந்தேன். ஒரு புள்ளி இருந்தா கடக்காரன் குடத்தத் தூக்கி மூஞ்சில அடிப்பான். ஒழுவுதும்பான்."

"இது குடம் இல்லக்கா. இதுல யாரும் தண்ணி புடிக்கப் போறதில்ல."

"அதுக்குன்னு சொட்டையாவா அனுப்புவாங்க?"

பக்கத்து மோட்டாரில் இருந்த ஜெயம் சிரித்தாள். கலைமதி திரும்பிப் பார்த்ததும் குனிந்துகொண்டாள். ஜெயத்தின் பெயர் போன வாரம் நான்கு நாள் சிவப்பில் இருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. எது தன் பெயர் என்று மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நான்கு நாளும் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். இதை வேணிதான் இப்போது சொன்னாள். சொல்லிவிட்டு, நேற்று ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் தாண்டவராயனை வரச்சொல்லித் தாங்களும் வந்து வேலையை முடித்ததையும் சொன்னாள். யாரும் வரச்சொல்லவில்லை, கூலியும் கேட்கவில்லை. மேடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாரே என்று வந்தார்களாம்.

திட்டுவதற்குத் தயாராக வந்தவளிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

தாண்டவராயன் வெல்டிங் கூண்டில் இருந்தார். பனமலைக்காரர். கையில் நடுக்கமில்லாத மனிதர். ரேஸர் பிளேடில்கூட வெல்டிங் வைப்பார் என்று சொல்வார்கள். அவர் எழுந்து நின்று, கையுறையைக் கழற்றி, விளக்கம் கொடுத்தார். ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்து, குறைந்த அளவுக்குக் கம்பியை வெட்டி எடைபோட்டு, அதை மட்டும் உருக்கி இறக்கியிருக்கிறார். இருபத்து நான்குக்கும் தனித்தனி அளவு. காலையிலிருந்து சாயந்தரம்வரை அதே வேலை.

"எடை கொறஞ்சா சேக்கணும், ஜாஸ்தியானா எடுக்கணும். அதான மேடம் கணக்கு?"

"எங்க சேக்கறோம்னு ஒண்ணு இல்லையாண்ணே?"

"வெளிய சேத்தா தெரிஞ்சிடும். அதான் உள்ள வெச்சேன்."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. நல்ல யோசனை என்று பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தார். நுனியில் எடுத்ததைக் கழுத்தில் வைத்தால் தராசுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும் என்று அவள் சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்து, பந்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சென்னையில் தடி மாட்டுகிறவர்கள் ஆடுகிறவனின் உயரத்துக்கேற்பக் கழுத்தைக் கவ்வியில் பிடித்து ஒன்றிரண்டு பாகை வளைப்பார்கள். அந்த எஃகு வளையவேண்டும், ஒடியக் கூடாது. அதற்கென்றே வார்த்த தலைகளை உலையில் வைத்துப் பதம் ஏற்றி எடுக்கிறார்கள். பதம் ஏற்றியபின் கழுத்தடியில் வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்துப் பதம் மாறிப்போகும். கெட்டியாகியிருக்கலாம், இளகியிருக்கலாம். வெட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. வளைக்கும்போதே ஒடிந்தால் தேவலை. ஆடும்போது தலை கழன்று பறந்தால்?

வழி இருக்கிறதா என்று அவள் ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள். குழியைத் திரும்பத் துளைத்தால் எடை இருநூற்று அறுபத்து நான்கு. தேறாது. நுனியில் உலோகம் ஏற்றி, மறுபடி உலையில் வைத்து, மறுபடி மெருகு போட்டால் நான்கு நாள். அதிலும் முகம் கோணினால் போயிற்று. புதிதாக வார்த்தால் பத்து நாள். மணி பத்தரை.

விழுப்புரத்திலிருந்து கணவன் இனியவன் போன் செய்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். கரண்டி பாஸா என்றான். எடை சரி, எடை இருக்கிற இடம் சரியில்லை என்றாள். இருநூற்று அறுபத்தெட்டு கிராமில் எந்த கிராம் எங்கே இருந்தால் எவனுக்கு என்ன என்று அவன் கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள். காலையிலிருந்து ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சக்கரபாணி பதினொன்றரைக்கு வந்தார். திருவாமாத்தூரில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். நெற்றியில் விபூதி கலையாமல் இருந்தது. அவள் குச்சியில் வைத்துக் காட்டியதைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு தலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அவருடைய முகம் அதில் தெரிந்தது.

எடை சரியாக இருக்கிறது, கண்ணாடி மாதிரி இருக்கிறது, அப்புறம் என்ன என்றார். அவன் கேட்டது எடை, கொடுத்தாயிற்று. ஊசிமேல் வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இங்கே எவன் கேட்டான்? சென்னைக்குப் போய் அவன் கண்டுபிடித்தால் அப்போது பேசிக்கொள்ளலாம். அதற்குள் ஆர்டர் கையெழுத்தாகியிருக்கும்.

"வளைக்கும்போது ஒடிஞ்சா சார்?"

"ஒடியும்னு உனக்குத் தெரியுமா?"

"ஒடியாதுன்னும் தெரியாது சார்."

"அப்ப ரெண்டும் தெரியாது. தெரியாத விஷயத்த எதுக்கும்மா நீயா வாயத் தொறந்து சொல்ற? நீதானே அந்தப் பொம்பளைங்களுக்காக நின்ன? இப்ப நீயே குழி தோண்டாத."

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடி வைத்தாள். இருபத்து நான்கு தலைகளையும் பச்சை வெல்வெட் துணி விரித்து அடுக்கினாள். துணி சக்கரபாணி வாங்கிவந்தது. நகைக்கடை மாதிரி இருந்தது.

சித்தார்த்தன் மூன்று இருபதுக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். வெயிலில் கன்றிய கழுத்து, ஒரு கையில் மட்டும் வெளுத்த புறங்கை. கையுறை போட்டு ஆடுகிறவன். மரியாதையாகப் பேசினான். இளநீர் குடித்தான். துணியில் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். ஃபினிஷ் பிரமாதம் என்றான். நான்கு தலைகளை எடைபோட்டான். பிறகு ஆசையாக இன்னொரு நான்கு போட்டான்.

தைவானில்கூட இவ்வளவு நெருக்கமாக யாரும் கொடுத்ததில்லை என்றான். சக்கரபாணி சிரித்தார். எங்கள் பொம்பளைகளுக்குக் கையே தராசு என்றார். சித்தார்த்தன் பையைத் திறந்து காகிதத்தை வெளியே எடுத்தான். பேனாவும் எடுத்தான்.

கலைமதி பித்தளைக் குச்சியை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"இதுலயும் ஒரு தடவ பாத்துடுங்க சார்."

சக்கரபாணி அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். சித்தார்த்தன் ஒரு தலையை வைத்தான். நின்றது. குனிந்து பார்த்தான். இன்னொன்று வைத்தான். மூன்றாவதை வைக்கவில்லை, கழுத்துக்குள் விளக்கடித்துப் பார்த்தான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

யார் செய்தது என்று அவன் கேட்டதற்கு, எடை குறைந்தது, நிரப்பிவிட்டோம் என்றாள். நிரப்பியது என்ன கம்பி என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தாண்டவராயனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, கம்பியின் நம்பரைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இறக்கினார் என்றும் சொன்னார். எல்லாம் மனப்பாடமாக இருந்தது. சித்தார்த்தன் கோபப்படவில்லை. வேலை சுத்தமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். ஆனால் இதை வளைக்க முடியாது, ஆடக் கொடுக்கவும் முடியாது என்றான். கலைமதிக்கு அது தெரியும்.

பிறகு அவன் கேட்டான், எடை ஏன் அவ்வளவு குறைந்தது என்று. அவள் ஒரு தலையைத் திருப்பி முதுகில் நுனிப்பக்கத்தைக் காட்டினாள். வார்ப்பில் இங்கே புள்ளி இருந்தது, அது போகும்வரை தேய்த்தோம் என்றாள்.

சித்தார்த்தன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"இங்கயா? இங்க எங்க பேட்ஜ் வந்துடுமே மேடம். லோகோ ஸ்டிக்கர். இந்த ஏரியா முழுக்க மூடிடும். டிராயிங்ல டாட்டட் லைன் போட்டிருப்போமே."

போட்டிருந்தது. அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. வரைபடத்தின் இரண்டாம் தாளில், முதுகின்மேல் வளைவாக ஒரு புள்ளிக்கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. ஆறு மாதம் முன்பே படித்திருக்கிறாள். ஸ்டிக்கர் ஒட்டுவது அவர்கள் வேலை, நமக்கென்ன என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள். பிறகு பெண்கள் அந்த இடத்தைப் பளபளவென்று கொண்டுவந்தபோது இரண்டு தடவை பார்த்தாள். சுத்தமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பார்க்கிறவர்களுக்கு நல்லெண்ணம் வரும் என்று விட்டாள். தாண்டவராயன் ஸ்டிக்கர் என்ற சொல்லைக் கேட்டு ஒரு முறை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு போகலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

சித்தார்த்தன் பன்னிரண்டு நாள் கொடுத்தான். இன்னொரு இருபத்து நான்கு. புள்ளி இருக்கட்டும், பயப்படாதீர்கள், எங்கே இருக்கலாம் என்று நானே வட்டம் போட்டு அனுப்புகிறேன் என்றான். கிளம்பும்போது கலைமதியிடம் தனியாக, நீங்களே காட்டினது நல்லது மேடம் என்றான். அவள் தலையசைத்தாள். யாருக்கு நல்லது என்று அவளுக்கு விளங்கவில்லை.

சக்கரபாணி அவனைக் கார்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. வெல்வெட் துணியை மடித்தார். அதை மடிப்பதிலேயே கவனமாக, புது வார்ப்பு மெருகுக்கு அம்பத்தூர் போகட்டும் என்றார். பன்னிரண்டு நாளை வைத்துக்கொண்டு சூதாட முடியாது என்றார்.

"புள்ளி பத்தித் தெரிஞ்சுடுச்சே சார். இனிமே எடை குறையாது. இவங்களே பண்ணிடுவாங்க."

"இந்த ஒரு தடவதாம்மா. ஆர்டர் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த ஒரு தடவை என்றால் என்னவென்று அங்கே ஏழு வருஷமாக இருப்பவளுக்குத் தெரியும். மெழுகு வேலைக்கு ஆள் இரண்டு பேராகக் குறைந்ததும், இரவு ஷிஃப்ட் நின்றதும் இந்த 'ஒரு தடவை'யில்தான். மூன்று பேரைப் பம்பு சக்கரம் உரசுவதற்கு வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களைச் சொல்லி அனுப்பும்போது வரச்சொல்லு என்றார். வேணி அந்த மூன்றில் இருக்கலாம். யார் யார் என்று நீயே முடிவு பண்ணு என்றார். அதையும் பெண்களிடம் அவளையே சொல்லச் சொன்னார். வாயைக் கொடுத்தவள் வாயாலேயே போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஐந்தரை ஷிஃப்ட் முடிந்து மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி மோட்டார் நின்றதும் கொட்டகை பெரிதாகிவிட்டது போலிருந்தது. பெண்கள் வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் படிந்த கருப்பு முழுக்கப் போவதில்லை. கண்ணைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் நிற்கும். கிளியனூர் வேன் வெளியே ஹாரன் அடித்தது. கலைமதி துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். சிவப்பு மை ஐந்து நாளில் ஊறிப்போய் ரோஜா நிறத்தில் நின்றது. பெயர்கள் இன்னும் படிக்கும்படிதான் இருந்தன. அவள் இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

வேணி பின்னால் வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கலைமதி திரும்பி, அம்பத்தூர் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். மூன்று பேர், மற்றவர்கள் பிறகு. உங்களை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றாள். எல்லாரையும் திரும்பக் கூப்பிடுவதற்குத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்றாள். சொல்லச்சொல்லத் தன் குரல் சக்கரபாணியின் குரல் மாதிரி இருப்பது அவளுக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டாள்.

வேணி அம்பத்தூரைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று பேர் யார் என்றும் கேட்கவில்லை. வேன்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். இருடா வர்றேன் என்று வெளியே பார்த்துச் சொல்லிவிட்டு, திரும்பிக் கலைமதியின் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்பதுபோல இருந்தது.

"அந்த எடத்துல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்கன்னு தாண்டவராயன் அண்ணே சொல்லிக்கினு இருந்தாரு. உங்களுக்கு அது மொதல்லயே தெரியுமா மேடம்?"